6.2 பெரிதா? 8.8 பெரிதா?



எங்காவது நிலநடுக்கம்னு செய்தி வந்தா நாம முதல்ல கேட்பது "ரிக்டர்ல எவ்வளவு?" என்பதைத் தான். அந்த ஒரு எண் போதுமா?

இரண்டு அதிகாலைகளைப் பார்ப்போம்.

📍1993 செப்டம்பர் 30, அதிகாலை 3.56. மகாராஷ்டிராவின் லாத்தூர் மாவட்டம், கில்லாரி பகுதி. அளவு 6.2. இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர்.

📍2010 பிப்ரவரி 27, அதிகாலை 3.34. சிலி நாடு. அளவு 8.8. சுனாமியில் இறந்தவர்களையும் சேர்த்து 500 சொச்சம் பேர்.

அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் சிலி நிலநடுக்கத்தின் ஆற்றல் லாத்தூரை விட சுமார் 8000 மடங்கு!

பிறகு எப்படி?

விபத்து கேஸ் வரும்போது "லாரி 80ல வந்துச்சு சார்" என்பார்கள் கூட வந்தவர்கள். நாங்கள் பார்ப்பது நினைவு இருக்கா, பிபி என்ன, எங்கே ரத்தக்கசிவு என்பதை. அடுத்த கேள்வி, "ஹெல்மெட் போட்டிருந்தாரா?"

நிலநடுக்கத்திலும் இப்படி இரண்டு அளவுகோல்கள் உண்டு.

இத்தாலியின் மெர்க்கல்லி 1902இல் தந்தது, ஓர் ஊர் எவ்வளவு அடிபட்டது என்று பார்க்கும் அளவுகோல். ஒரே நிலநடுக்கத்துக்கு ஊருக்கு ஊர் இது மாறும்.

அமெரிக்காவின் ரிக்டர் 1935இல் தந்தது, லாரியின் வேகம் மாதிரி. கருவியின் பதிவை வைத்து ஒரே எண். மிகப்பெரிய நிலநடுக்கங்களை அது குறைத்துக் காட்டியதால், 1979 முதல் ஹாங்ஸ் - கனமோரி முறை வந்தது. இன்று பெரிய நிலநடுக்கங்களுக்குச் செய்தியில் வரும் எண் பெரும்பாலும் இதுதான். பழக்கத்தில் "ரிக்டர்" என்கிறோம்.

சரி, லாத்தூரில் என்ன நடந்தது?

அதிக ஆழமில்லாமல், கிராமங்களுக்கு நேர் கீழேயே அதிர்ந்தது. வீடுகளோ கல்லும் மண்ணும் வைத்த தடித்த சுவர்கள், மேலே கனமான மண் கூரை. தூங்கியவர்கள் மேல் அப்படியே சரிந்தது.

சிலியில் மையம் கடலுக்கடியில். அதோடு 1960இல் 9.5ஐ, அதாவது உலகில் பதிவானதிலேயே மிகப்பெரியதைப் பார்த்த நாடு அது. அடி வாங்கி வாங்கி கட்டிட விதிகளை இறுக்கிக் கொண்டே வந்தது. அது தான் அவர்களின் ஹெல்மெட்.

இன்னொன்று. அப்போதைய வரைபடத்தில் லாத்தூர் இருந்தது ஆபத்து மிகக் குறைந்த மண்டலம் 1இல்! 2002இல் அந்த மண்டலத்தையே எடுத்து விட்டார்கள். சென்னையும் 2லிருந்து 3க்கு உயர்ந்தது.

ஆகவே வீடு கட்டுபவர்கள் டைல்ஸ் கலர் கேட்கும் முன், "நிலநடுக்கம் தாங்குற மாதிரி கம்பி கட்டி இருக்கீங்களா?" என்று இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.