தாது நஷ்ட பயம்

சிறுநீரோடு விந்து கலந்து வெளியேறி உடம்பு தேய்கிறது என்று நம்பி, அதனால் களைப்பு, நீர்க்கடுப்பு, தூக்கமின்மை, படபடப்பு என்று அவதிப்படும் நிலை. இதற்கு ‘தாத் நோய்க்குறி’ என்று 1960இல் பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் என். என். விக். நாட்டுப்புறத்து இளைஞர்களிடம், குறிப்பாகக் கல்யாணத்தை நெருங்கும் வயதில், அதிகம் காணப்படுகிறது.

நம்பிக்கையின் வேர் ஆழமானது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் எனச் சித்த மருத்துவம் உடற்தாதுக்கள் ஏழு என்கிறது. சுக்கிலம் கடைசித் தாது என்பதால், மற்ற ஆறின் சத்தும் அதில்தான் திரண்டிருக்கிறது என்ற எண்ணம் ஊறிப்போயிற்று. உண்மையில் விந்தின் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு அதைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கிறது. பெண்களிடம் இதே அச்சம் வெள்ளைப்படுதலைப் பற்றி வருகிறது: எலும்பு உருகிப் போகிறதாம்.

இந்த அச்சத்துக்கு வெயிலும் தீனி போடுகிறது. சிவகங்கை-தொண்டி சாலையில் உள்ள காளையார்கோவில் வானம் பார்த்த பூமி. கோடையில் காட்டுவேலை பார்ப்பவர் வியர்க்கிற அளவுக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர் மஞ்சளாகச் சுண்டி எரியும். “சூடு பிடிச்சிருச்சு” என்பார்கள். எரிச்சல் நிஜம், விந்து போவதால்தான் என்று அவர் கற்பித்துக்கொள்ளும் காரணம்தான் தவறு. சில நாள் சாப்பாட்டுக்குப் பின் சிறுநீர் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்திருக்கும். அது பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. சோதனைக் குழாயில் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டால் அந்த வெண்மை கரைந்து நீர் தெளிந்துவிடும். இதை நோயாளியின் கண்முன்னே செய்து காட்டுவது பத்து அறிவுரைக்குச் சமம்.

மனக்கவலை சிறுநீர்ப்பையைத் தொடுவது வெறும் கற்பனையல்ல. சிறுநீர் கழிப்பதை இயக்கும் மையம் மூளைத்தண்டில் இருப்பதை 1925இல் பாரிங்டன் என்ற ஆய்வாளர் காட்டினார். அதற்கு மேலே, அடக்கவும் விடவும் முடிவு செய்வது முன்மூளை. பயம் கூடினால் பை நிறையுமுன்பே முட்டும். இடுப்படித் தசை இறுகிக்கொண்டால் நீர் தயங்கித் தயங்கி இறங்கும், வலிக்கும்.

சிகிச்சையில் பரிசோதனைதான் முதலில். சர்க்கரை நோய், கிருமித்தொற்று, கல், வயதானவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் ஆகியவை இல்லையென்று பார்க்காமல் மனதின் மேல் பழி போடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தாலும் “ஒண்ணுமில்ல, போ” என்று அனுப்புவது பெருந்தவறு. அவர் நேராக அடுத்த லேகியத்துக்குத்தான் போவார். ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு சட்டம் தடுத்தும் சுவரொட்டிகள் குறையவில்லை. நிதானமான விளக்கம், எண்ணங்களைச் சீர்படுத்தும் உளச்சிகிச்சை, மனச்சோர்வு இருந்தால் அதற்கான மருந்து ஆகியவை பலன் தரும். அடிக்கடி முட்டுபவருக்குச் சிறுநீர் கழிக்கும் இடைவெளியைக் கால்மணி கால்மணியாக நீட்டும் பயிற்சி உண்டு.

காளையார்கோவில் பக்கத்தார் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று கூசுபவர்கள், 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416இல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.