பாண்டி என்னும் பெயர்: போடிமெட்டிலிருந்து ஒரு வரலாற்றுச் சிந்தனை

ஒரு நாட்டின் பெயர் எப்படி வசைச்சொல்லாக மாறுகிறது? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் உள்ள போடிமெட்டுக்குச் சென்றால் போதும். கிழக்கே கீழ்நோக்கினால் புளியமரங்களும் தென்னந்தோப்புகளும் வானம் பார்த்த காடுகளுமாகத் தேனி மாவட்டம் விரிந்து கிடக்கிறது. மேற்கே திரும்பினால் ஏலத்தோட்டங்களின் குளிர்ந்த நிழல். அது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். மலையின் ஒரு பக்கத்தில் "பாண்டி" என்றால் முத்தும் முத்தமிழும் வளர்த்த மூவேந்தருள் ஒரு குலம். குழந்தைகளுக்கு ஆசையோடு இடும் பெயர். மறுபக்கத்தில் அதே சொல்லை ஏளனமாக உச்சரித்தால், அழுக்கன், முரடன், நாகரிகம் அறியாதவன் என்று பொருள். சொல் மாறவில்லை, அதைச் சொல்லும் வாய்தான் மாறியிருக்கிறது.

தென் தமிழகத்தைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள இழிவான எண்ணம் இது ஒன்று மட்டுமன்று. சென்னை போன்ற நகரங்களில் "மதுரைப் பக்கம்" என்று ஒருவர் சொன்னவுடன் கேட்பவர் மனத்தில் அரிவாள் நிழலாடுகிறது. மேற்கிலிருந்து பார்ப்பவருக்கு நாம் கூலிகள். வடக்கிலிருந்து பார்ப்பவருக்கு நாம் கொலைகாரர்கள். இந்த இரு பார்வைகளும் எங்கிருந்து பிறந்தன என்பதை வரலாற்றின் துணைகொண்டு எண்ணிப் பார்ப்போம்.

மலையேறியவர் யார்?

பாண்டி நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் உள்ள உறவு பழமையானது. பந்தளம், பூஞ்ஞாறு ஆகிய அரச குடும்பங்கள் தங்களைப் பாண்டியர் வழித்தோன்றல்கள் என்றே கூறிவந்துள்ளன. மலைகளில் வாழும் முதுவர் மக்களும் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பதை வாய்மொழி மரபாகப் போற்றுகின்றனர். திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்த 19-ஆம் நூற்றாண்டில், மலையில் ஏலம் பயிரிட்டவர்களில் பலர் கம்பம் பள்ளத்தாக்கையும் போடியையும் சேர்ந்த குடியானவர்கள். அரிசியும் உப்பும் மேலே ஏறின. ஏலம் கீழே இறங்கியது. அக்காலத்தில் பாண்டிக்காரர் என்பவர் வணிகர், விவசாயி, அண்டை வீட்டார்.

நிலைமை மாறியது எப்போது? 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரசர் கண்ணன் தேவன் மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு உரிமையாக்கிக் கொடுத்தார். அந்த ஆண்டின்மேல் நம் கவனம் நிற்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய, தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் சொல்லும் பெரும்பஞ்சத்தின் நடுவே அந்தச் சாசனம் எழுதப்பட்டது. மேலே தோட்டம் திறக்க நிலம் தயாரானபோது, கீழே மக்கள் பசியால் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தனர். அவர்களுள் மிகப் பலர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். காடு திருத்தியவர்களும் பாதை வெட்டியவர்களும் அவர்களே. குண்டலைப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனை அடைந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்த காலத்தில், அந்தச் சுமைகளுக்குப் பின்னால் இருந்த தோள்களும் அவர்களுடையவையே. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. தொழிலாளரின் லயன் வீடுகள் மட்டும் தொடர்ந்தன.

ஒரு நாட்டை நாம் முழுமையாகப் பார்ப்பதில்லை. அங்கிருந்து நம் வாசலுக்கு வருபவரையே பார்க்கிறோம். பாண்டிநாடு மேற்கே அனுப்பியது தன் புலவர்களையோ சிற்பிகளையோ அன்று. பசித்தவர்களையும் கடன்பட்டவர்களையும் அனுப்பியது. தண்ணீர் வசதியில்லாத ஓர் அறையில் பத்துப் பேர் வாழ்ந்தால் உடை அழுக்காகத்தான் இருக்கும். அதைக் கண்டவர் வீட்டைக் குறை சொல்லவில்லை; மனிதரைக் குறை சொன்னார். வறுமையின் அடையாளம் இனத்தின் இயல்பாக எண்ணப்பட்டது. ஏளனத்தின் முதல் வேர் இதுவே.

இந்த எண்ணம் பேச்சோடு நின்றுவிடவில்லை. மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் உள்ள தமிழருள் பலர் வந்துபோகும் கூலிகளே என்ற வாதம் வலுவாக எழுப்பப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று அப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. எல்லை எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதன்று இங்கு நம் கேள்வி. மூன்று தலைமுறைகளாக ஒரே மலையில் பிறந்து இறந்தவர்களை "வந்துபோகிறவர்கள்" என்று சொல்ல முடிந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1950-க்கு முன்பே அம்மாநில எல்லைக்குள் குடியிருந்ததற்கு ஆவணம் காட்ட இயலாமல், சாதிச் சான்றிதழ் பெற முடியாது கல்விச் சலுகையை இழந்த தோட்டத் தொழிலாளர் குழந்தைகள் பலர். லயன் வீட்டில் பத்திரம் ஏது? ஒரு பெயர் வாழ்வைப் பறிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் சூட்டிய பெயர்

அரிவாள் என்ற இரண்டாவது படிமத்துக்குச் சட்டப் புத்தகத்திலேயே வேர் உண்டு. 1871-இல் வட இந்தியாவுக்கென ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911-இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914 முதல் படிப்படியாகப் பிறமலைக் கள்ளர் சமூகத்தின்மீது அது சுமத்தப்பட்டது. ஊர்க்காவல் காத்து அதற்குக் கூலி பெற்றுவந்த ஒரு பழைய முறையை அரசு அகற்றியது. மாற்றுப் பிழைப்பு தரவில்லை. பிறகு அந்த மக்கள் அனைவரையும் பிறப்பால் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றனர். பதிவு செய்யப்பட்டவர் இரவில் ஊரில் இருப்பதைக் காட்ட வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். நேர்மையாக உழுது வாழ்ந்தவருக்கும் இதே விதி.

உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை தர மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல் இச்சட்டம் நீக்கப்பட்டது; 1952-இல் நாடு முழுவதும் நீங்கியது. இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பெயரில் மட்டும் அந்தக் காலத்தின் நிழல் தங்கியிருக்கிறது.

சட்டம் போனது, அது கற்பித்த பார்வை போகவில்லை. ஒரு சமூகத்தின்மேல் எழுதப்பட்ட பொய், காலப்போக்கில் ஒரு வட்டாரம் முழுவதன்மேலும் படிந்தது. பதிவேடு விட்ட இடத்தில் திரைப்படம் தொடங்கியது. "பருத்திவீரன்" (2007), "சுப்பிரமணியபுரம்" (2008) போன்ற படங்களை மதுரை மண்ணின் மைந்தர்களே எடுத்தனர். அவற்றின் கலைத்திறனை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றைப் பின்பற்றி வந்த பல படங்களுக்கு ஊர் என்பது வெட்டும் குத்தும் நிகழும் களம் மட்டுமே. மலையாளத்தில் 2005-இல் வந்த ஒரு படத்துக்குப் "பாண்டிப்பட" என்றே பெயர். அதிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர் என்றால் பகையும் அடியாட்களுமே.

உண்மையில் இந்த வட்டாரம் எத்தகையது? கம்பம் பள்ளத்தாக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் அங்கே உள்ளனர். இராவுத்தர்களின் பழைய குடியிருப்புகள் உள்ளன. உத்தமபாளையத்தில் சமணர் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் பாறையில் அமர்ந்திருக்கின்றன. இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் கத்தோலிக்க மரபு வேரூன்றியுள்ளது. பண்ணைப்புரம் தந்த பாவலர் வரதராசனின் பாட்டு, 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது இதே மலைச்சரிவுகளில் ஒலித்தது. அவருடைய இளவல் இளையராஜாவை உலகமே அறியும். ஏலத்தைத் தரம் பிரிக்கும் போடிப் பெண்களின் விரல் நுட்பமும் இங்கே உண்டு. இவ்வளவும் "அரிவாள்" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்குமா?

நம் பங்கு

பிறரைக் குறை சொல்லி நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். மலையாள நாடு என்றால் மாந்திரீகமும் மருந்தீடும் என்று நம் பாட்டிமார் கதை சொல்லவில்லையா? மலையாளி என்றால் சூதுக்காரன் என்று நாம் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்? மீனச்சல் முதலிய தாழ்நிலங்களிலிருந்து உணவுப் பஞ்சக் காலத்தில் மலையேறி, காட்டு யானைக்கும் காய்ச்சலுக்கும் இடையே மண்ணைக் கொத்திப் பிழைத்தவர்களும் அவர்களுள் உண்டு. பசியே இரு பக்கத்தாரையும் ஒரே மலைக்கு அனுப்பியது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி மெட்டு வழியாக இறங்கிவந்தனர். அதே நாள்களில் தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையின் நீர்மட்டம் பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. ஆனால் ஏலக்காய் பறித்த பெண்ணுக்கும் தேநீர்க்கடை வைத்திருந்த மனிதருக்கும் அதில் என்ன பங்கு? மனத்தில் ஏற்கெனவே ஓர் இழிபெயர் தயாராக இருந்தால், சினம் தன் இலக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. அமைதிக் காலத்துக் கேலி கலகக் காலத்தில் கல்லாக மாறுகிறது.

தப்பித்தலும் விடுதலையும்

இழிபெயரிலிருந்து மீள்வது எப்படி? நம் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. 1606-இல் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தபோது, அங்கே 1595 முதலே கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஆனால் மதுரை மக்களுக்கு ஐரோப்பியர் அனைவரும், அவர்களோடு சேர்ந்தவர் அனைவரும் "பறங்கி"; அதாவது ஊனும் கள்ளும் உண்டு ஒழுக்கமின்றி வாழ்பவர். ஒரு கண்டமே ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டது. தாம் பறங்கி அல்லர், உரோமையில் உயர்குடியில் பிறந்தவர் என்று நொபிலி அறிவித்தார். அதனால் அவருக்குக் கதவுகள் திறந்தன. தமிழுக்கும் பெரும்பயன் விளைந்தது. ஆயினும், அந்தப் பெயர் அழியவில்லை. அது பெர்னாண்டஸ் அடிகளாரின் தோளிலும் அவருடைய எளிய மந்தையின் தோளிலும் முன்னைவிட அழுத்தமாக அமர்ந்தது.

"நான் அப்படிப்பட்டவன் அல்லன்" என்பது தப்பித்தல். "எவருமே அப்படிப் பிறப்பதில்லை" என்பதே விடுதலை. ஏலத்தோட்ட முதலாளியான தமிழர், "பாண்டி என்று கூலிக்காரரைத்தான் சொல்கிறார்கள்" என்று ஆறுதல் அடைகிறார். மதுரைக்காரர் ஒருவர், "எங்கள் சாதி அப்படியன்று, அந்தச் சாதிதான்" என்கிறார். இவ்வாறு ஒவ்வொருவரும் பெயரைத் தமக்குக் கீழே உள்ளவருக்குத் தள்ளிவிடுகின்றனர். கடைசிப் படியில் நிற்பவருக்குத் தள்ள இடமில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றில் தோட்டத் தொழிலாளப் பெண்கள் "பெண்பிள்ளை ஒருமை" என்ற பெயரில் ஒன்றுகூடி, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்துப் போராடி 20 விழுக்காடு ஊக்கத்தொகை பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கடைசிப் படியில் நின்ற தமிழ்ப் பெண்கள். பெயரைத் தள்ளிவிட அவர்கள் முயலவில்லை; நிமிர்ந்து நின்றனர். கேரளமே அன்று அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

விவிலிய நாட்டில் கலிலேயாவும் இத்தகைய ஒரு பகுதியே. பல இனத்தார் கலந்து வாழ்ந்ததால் யூதேயாவின் தலைவர்கள் அதை இளக்காரமாகப் பார்த்தனர். அங்கிருந்து இறைவாக்கினர் எவரும் தோன்றார் என்று நிக்கதேமுவிடம் வாதிட்டனர். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய பேச்சு வழக்கே. ஆனால் நாசரேத்திலிருந்து நல்லது வருமா என்று ஐயுற்ற நத்தனியேல் எருசலேமைச் சேர்ந்தவர் அல்லர். அவர் கானாவூரார், அதே கலிலேயர், நாசரேத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். ஏளனம் தொலைவிலிருந்து மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் அடுத்த ஊரிலிருந்து வருகிறது. பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். நத்தனியேலும் தம் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து சென்றார். அதுதான் அவருடைய பெருமை.

இன்றும் விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகள் பெண் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகின்றன; மாலையில் இறங்குகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் நமக்கு உறவினரும் நண்பரும் உண்டு; ஒரே திருப்பலியில் இரு மொழிகளில் செபிக்கும் மக்களும் உண்டு. நம் பிள்ளைகள் "மலையாளத்தான்" என்று இளக்காரமாகப் பேசும்போது நாம் திருத்துவோமானால், மறுபக்கத்தில் "பாண்டி" என்று கேலி செய்யும் பிள்ளையைத் திருத்தச் சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும். அந்த வேலையை எந்த அரசும் நமக்காகச் செய்யாது. அது நம் வீட்டுத் திண்ணையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் செய்ய வேண்டிய வேலை.