மீன்தொட்டி குளிர்வித்தல்

மீன்தொட்டி குளிர்வித்தல் என்பது வெப்பம் மிகுந்த வீடுகளில் வளர்ப்பு மீன்களின் தொட்டி நீரை அம்மீன்கள் தாங்கக்கூடிய வெப்பநிலையில் வைத்திருக்கும் முறைகளைக் குறிக்கும். குளிர்நாடுகளில் தொட்டி நீரைச் சூடேற்றுவதே வளர்ப்போரின் கவலையாக இருக்க, சென்னை போன்ற நகரங்களில் நிலைமை நேர்மாறானது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேல்தளத்தில், பகலெல்லாம் வெயிலை வாங்கிய காங்கிரீட் கூரை இரவிலும் வெப்பத்தை உமிழ்வதால், கத்திரி வெயில் காலத்தில் தொட்டி நீர் 32 பாகை செல்சியசைக் கடப்பது அரிதன்று.

வெப்பமும் ஆக்சிசனும்

வெப்ப காலத்தில் மீன்கள் இறப்பதற்குப் பெரும்பாலும் வெப்பம் நேரடிக் காரணமன்று. ஆக்சிசன் பற்றாக்குறையே காரணம். காற்றுடன் சமநிலையில் உள்ள நன்னீர் 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் இது 7.6 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே 10 பாகை உயர்வில் மீனின் வளர்சிதைமாற்ற வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறையும்போதே செலவு பெருகுகிறது எனலாம். மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுவது இதன் முதல் அறிகுறியாகும். பலர் இதைப் பசி என எண்ணி மேலும் உணவிடுவது நிலைமையை மோசமாக்கும்.

அமோனியாவும் வெப்பத்தில் கூடுதல் நச்சாகிறது. பி.எச். 8 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு 25 பாகையில் சுமார் 5.4 விழுக்காடு, 30 பாகையில் சுமார் 7.5 விழுக்காடு. ஆகவே கோடையில் உணவைக் குறைப்பது செலவில்லாத முதல் தற்காப்பாகும்.

மீன் வகைக்கேற்பத் தாங்குதிறன் வேறுபடும். தங்கமீன் 18 முதல் 24 பாகை வரையிலான நீரை விரும்புவது. சென்னைக் கோடைக்கு அது பொருத்தமான மீன் அன்று. டிஸ்கசு 28 முதல் 30 பாகையில் நன்கு வாழும். பைட்டர், கௌராமி ஆகியன காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் துணை உறுப்பு உடையவை என்பதால் ஆக்சிசன் குறைவைத் தாங்கிக்கொள்ளும்.

ஆவியாதல் மூலம் குளிர்வித்தல்

மண்பானை நீர் குளிர்வதற்கான அதே காரணமே இங்கும் செயற்படுகிறது. கண்ணாடிச் சுவரில் நீர் கசியாது என்பதால் தொட்டியில் ஆவியாதல் மேற்பரப்பில் மட்டுமே நிகழும். எனவே கண்ணாடி மூடியை அகற்றி, மீன்கள் துள்ளி வெளியே விழாதவாறு வலை மூடி இட்டு, சிறு மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பில் சாய்வாகப் படும்படி பொருத்துவர். கணினிகளில் பயன்படும் 12 வோல்ட்டு விசிறியே போதுமானது. நீர் வெப்பநிலை பொதுவாக 2 முதல் 4 பாகை வரை குறையும்.

ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,430 கிலோ யூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெளியிலிருந்து வெப்பம் புகாவிட்டால் 100 லிட்டர் தொட்டியை இது 6 பாகைக்குச் சற்றுக் குறைவாகக் குளிர்விக்கப் போதும். ஒரு கிலோ பனிக்கட்டி முழுதும் உருகி 28 பாகையை அடையும்வரை உறிஞ்சுவதோ சுமார் 450 கிலோ யூல் மட்டுமே; அதே தொட்டியில் ஏறத்தாழ 1 பாகை. உறைய வைத்த நீர்ப்புட்டிகளை மாற்றி மாற்றி மிதக்கவிடுவோர் படும் பாடு பயனுக்கு மிஞ்சியதே. வெப்பநிலை ஏறி இறங்குவதும் மீன்களைத் தளர்த்தும். தவிர, குளிர்பதனப் பெட்டி வெளியேற்றும் வெப்பம் அதே வீட்டுக்குள்தான் தங்குகிறது.

இம்முறையின் எல்லையை ஈரக்குமிழ் வெப்பநிலை தீர்மானிக்கிறது. காற்று 35 பாகையும் ஈரப்பதம் 60 விழுக்காடும் உள்ளபோது இது சுமார் 28 பாகையாகும்; எவ்வளவு வேகமாக விசிறினாலும் நீர் அதற்குக் கீழே போகாது. உலர் காற்று வீசும் உள்மாவட்டங்களில் விசிறி நன்கு பயன்தருவதும், கடற்காற்று ஈரத்தைக் கொணரும் சென்னை மாலைகளில் பயன் குறைவதும் இதனாலேயே. சாளரங்களை மூடிய அறையில் ஈரப்பதம் சேர்ந்து ஆவியாதல் தடைப்படும்.

ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் தொட்டியில் தங்கிவிடும். கடினத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரையே தொடர்ந்து சேர்த்தால் உப்பின் அளவு வாரந்தோறும் ஏறும். குறைந்த அளவை ஆர்.ஓ. நீரால் நிரப்பி, வழக்கமான நீர்மாற்றத்தையும் விடாது செய்தல் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியின் நீர் நண்பகலில் மிகவும் சூடாக இருக்குமாதலால் அதிகாலையில் பிடித்து வைப்பது நல்லது.

பிற முறைகள்

குளிர்விப்பான் எனப்படும் அமுக்கி இயந்திரம் விரும்பிய வெப்பநிலையைத் தரும், விலை மிகுதி. அது வெளியேற்றும் வெப்பம் அறைக்குள் சேர்வதால் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கப்படுகிறது. நீருக்குள் மூழ்கி இயங்கும் பம்பு பயன்படுத்தும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் நீரிலேயே வெப்பமாக முடிகிறது. தேவைக்கு மிஞ்சிய பம்பைத் தவிர்க்கலாம்.

மின்தடையின்போது

விசிறியும் காற்றூட்டியும் ஒருங்கே நின்றுவிடுவதால் மின்தடையே மிகுந்த இடர் தரும் நேரம். செடிகளும் இரவில் ஆக்சிசனை உட்கொள்வதால் விடியலுக்குச் சற்று முன் அதன் அளவு மிகக் குறைந்திருக்கும். மின்கலத்தில் இயங்கும் காற்றூட்டி இல்லாதபோது, குவளையால் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியில் ஊற்றுவது ஓரளவு உதவும். பல மணி நேரம் நின்றுபோன மூடிய வடிகட்டியில் பாக்டீரியாக்கள் மடிந்து நீர் கெட்டிருக்கக்கூடும். மின்சாரம் வந்ததும் அதை அப்படியே இயக்காமல், உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, தொட்டி நீரால் அலசிய பின்னரே இயக்க வேண்டும்.