வட கடல் வீரரும் கடாரம் கொண்டானும்



'தி வைக்கிங்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1958-இல் வந்த படம். கப்பலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகளின் மேலேயே கர்க் டக்ளஸ் தாவித் தாவி நடப்பாரே, அதை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அதில் வரும் காதலும் பழிவாங்கலும் கற்பனை. ஆனால் அந்த மாதிரிக் கப்பல் கற்பனையில்லை. நார்வேயில் கோக்ஸ்டாட் என்னும் இடத்தில் 1880-இல் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது, இறந்த தலைவனோடு புதைத்த கப்பலே கிடைத்தது. பக்கத்துக்கு 16 துடுப்புகள்! அம்மக்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கக் கண்டத்தின் நியூபவுண்ட்லாந்து வரை போனார்கள். அங்கே அவர்கள் வெட்டிய மரத்துண்டுகளை ஆராய்ந்து, வெட்டிய ஆண்டு 1021 என்று 2021-இல் அறிவித்தார்கள்.

இனி நம்ம பக்கம் வாங்க. அதற்கு நான்கே ஆண்டு கழித்து, 1025-இல், முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை வங்கக் கடலைக் கடந்தது. ஸ்ரீவிஜயத்தைத் தாக்கி, அதன் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தது. வென்ற ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா, மாநக்கவாரம் நிக்கோபார். பெயர்கள் கிடைத்தன; ஆனால் கோக்ஸ்டாட் போல, படையில் போன ஒரு கப்பல்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நம்மவர்கள் அரசனைக் கப்பலோடு புதைக்கிறவர்கள் இல்லையே!

சரி, சிங்கப்பூர்? "இராசேந்திர சோழன் சிங்கப்பூரைப் பிடித்தான்" என்று பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் முழங்குகிறார்கள். கைதட்டலும் பலமாகக் கிடைக்கிறது. ஆனால் கல்வெட்டின் பட்டியலில் துமாசிக் என்ற இத்தீவின் பழைய பெயர் இல்லை. கல்வெட்டில் இல்லாததை நாம் ஒட்டவைத்தால், இருப்பதையும் பிறர் நம்பமாட்டார்கள். பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

துமாசிக்கையும் ஒரு சோழனையும் சேர்த்துப் பேசுவது 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூல். அது சொல்லும் கதை வேடிக்கையானது. சீனத்தைப் பிடிக்கக் கிளம்பிய ராஜா சூலான் துமாசிக் வரை வந்துவிட்டானாம். சீனச் சக்கரவர்த்தி ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும், பல்லுப்போன கிழவர்களையும் ஏற்றி அனுப்பினார். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். "ஐயா, புறப்படும்போது நாங்கள் சின்னப் பையன்கள். இந்த மரங்கள் விதையாக இருந்தன. இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகள், தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டன" என்றார்களாம் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று அரசன் திரும்பிப் போய்விட்டான்! இது வரலாறு அல்ல, கதைதான். ஆனாலும் 'சூலான்' என்ற பெயரில் சோழன் ஒட்டிக்கொண்டிருக்கிறான் பாருங்கள். அது போதாதா நமக்கு?

தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் ஒருநாள் பிள்ளைகளைத் தேசிய அரும்பொருளகத்துக்கும் கூட்டிப் போங்கள். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று இருந்தது. 1843-இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு அங்கே இருக்கிறது. அந்த எழுத்தை எல்லாரும் ஒப்பும்படி இன்னும் யாரும் படித்துச் சொல்லவில்லை.