காணாத ஊரின் இசை – 6: தலைப்பாகைக்காரர்

ஹொனலூலுவின் ஷெல் பாரில், பியானோ கலைஞர் மார்ட்டின் டென்னியின் குழு வாசிக்கும்போது பக்கத்துக் குளத்துத் தவளைகள் கத்தத் தொடங்கின என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

எங்கள் வேப்பம்பட்டில் மழை விட்ட ராத்திரி, காலி மனைத் தண்ணீரில் தவளை கத்தினால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். டென்னியின் ஆட்களோ பதிலுக்குப் பறவைகளைப் போலக் கூவினார்கள். மறுநாள் ஒருவர் வந்து, அந்தத் தவளைப் பாட்டையே கேட்டார். 1957இல் 'எக்ஸாட்டிகா' என்ற ரெக்கார்டு வந்தது. அதிலிருந்த 'குவைட் வில்லேஜ்', லெஸ் பாக்ஸ்டர் 1951இல் போட்ட மெட்டு, 1959இல் அமெரிக்க இசைப் பட்டியலில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சொந்த வீடும் ஸ்டீரியோவும் வாங்கியவர்களுக்கு, சோபாவை விட்டு எழாமலே தீவுக்குப் போய்வர முடிந்தது. அந்த ஆசை இன்னும் தீரவில்லை.

ஆனால் டென்னிக்கு முன்பே, 1949இல், லாஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சியில் ஓர் 'இந்தியர்' தோன்றிவிட்டார். பெயர் கோர்லா பண்டிட். நெற்றிக்கு நேரே கல் பதித்த தலைப்பாகை. கட்டைகளைக் குனிந்து பார்ப்பதில்லை; கண்கள் கேமராவையே பார்த்திருக்க, விரல்கள் ஹாம்மண்ட் ஆர்கனை மத்தளம்போலத் தட்டும். நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். டில்லிப் பிராமணரின் பிள்ளை என்பது அவர் சொன்ன கதை. 1946 சட்டப்படி ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்குத்தான் அமெரிக்காவில் குடியேற இடம் இருந்தது. அதனால் கதையைச் சந்தேகிக்க ஆளில்லை.

1998இல் அவர் இறந்தார். 2001இல் உண்மை வெளிவந்தது: அவர் மிசூரி மாநிலத்துக் கறுப்பினத்தவர், ஜான் ரோலண்ட் ரெட். அவர் வாசிக்க வந்த காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் இசைக்கலைஞர் சங்கமே வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பிரிந்திருந்தது. கறுப்பருக்குத் திறக்காத கதவு தலைப்பாகைக்குத் திறந்தது. அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்தப் பெயரில் அவரை வாசிக்கவிடாத ஊர்தான் குற்றவாளி.

ஆக, அமெரிக்கர்கள் தங்களுக்கென்று ஓர் இந்தியாவைக் கற்பனை செய்துகொண்டார்கள். அசல் இந்தியாவிலிருந்து யாராவது பதில் வாசித்தார்களா?

வாசித்தார், நம் மெட்ராஸிலேயே. எம்.எஸ்.விஸ்வநாதனோடு சேர்ந்து தமிழ்நாட்டையே பாடவைத்து, 1965இல் பிரிந்து தனியே நின்ற வயலின் கலைஞர் டி.கே.ராமமூர்த்தி. 1969இல் அவர் ஒரு ரெக்கார்டு போட்டார். சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை. ஒருபக்கம் கர்நாடக ராகங்கள், இன்னொரு பக்கம் ஜாஸ். இரண்டும் ஒரே மேடையில் நின்றபோது யார் யாருக்கு வழிவிட்டது?

(தொடரும்)