புல்லினப் பயிர்களுக்கு ஒரு பொது ஏடு

நெல், கோதுமை, சோளம், இறுங்கு, குரக்கன் யாவும் ஒரே புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இப்பயிர்களின் மரபணுக்கள், நிறமூர்த்தங்களில் இன்றும் பெருமளவு ஒத்த வரிசையிலேயே அமைந்துள்ளன. பிரித்தானியாவின் ஜோன் இன்னஸ் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் 1995 இல் இவ்வொற்றுமையை வட்ட வரைபடமாகத் தொகுத்துக் காட்டினர்.

இதன் பயன் பெரிது. கோதுமையின் மரபணுத் தொகுதி நெல்லினுடையதை விடச் சுமார் 40 மடங்கு பெரியது. நெல்லின் முழுமையான வரிசை 2005 இல் வெளிவந்தது. கோதுமைக்கு அத்தகைய வரிசை 2018 இல்தான் கிட்டியது. இடைப்பட்ட காலத்தில் நெல்லே கோதுமை ஆய்வாளருக்கு வழிகாட்டியாக விளங்கியது.

ஆயினும், பயிருக்கொரு களஞ்சியமும் கலைச்சொல்லும் இருக்குமாயின் உறவுகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பசுமைப் புரட்சிக்கு உதவிய குட்டைக் கோதுமையின் மரபணுவும், சோளத்தில் வேறு பெயரால் அறியப்பட்டிருந்த குட்டை மரபணுவும் ஒன்றுக்கொன்று நிகரானவை என்பது 1999 இலேயே வெளிப்படுத்தப்பட்டது.

இக்குறையை நீக்கும் நோக்குடன் உருவானதே 'கிராமின்' என்னும் ஒருங்கிணைந்த தரவுத்தளம். புல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயர்பெற்ற இது, ஐக்கிய அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, அரச நிதியுதவியுடன் உருவாக்கியதாகும். 2002 இல் ஆய்விதழில் அறிமுகமான இத்தளம் மரபணு வரைபடங்கள், பயிர்ப் பண்புகள், புரதங்கள் ஆகியவற்றைப் பொதுவான கலைச்சொற்களால் இணைத்தது. நெல்லின் ஒரு பகுதியைத் தெரிவு செய்பவர், ஏனைய தானியங்களில் அதற்கு நிகரான பகுதியையும் காணலாம். இதற்குக் கட்டணம் எதுவுமில்லை.

ஒப்பீடு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மையே. கோதுமை மூன்று மூதாதைத் தொகுதிகளைக் கொண்டது. சோளத்தின் தொகுதியோ ஒருமுறை இரட்டித்தது. ஆகவே, தரவுத்தளம் காட்டுவது சுட்டுக்குறி மட்டுமே. வயலில் சோதித்தே அதனை உறுதிசெய்ய வேண்டும்.

எனினும், வறண்ட நிலங்களின் உணவான குரக்கன் போன்ற பயிர்களுக்கு இத்தகைய பொதுக் களஞ்சியங்கள் இன்றியமையாதவை. குரக்கனின் மரபணுத் தொகுதி 2017 இல்தான் வெளியானது. சோளத்துக்குப் பெரும் விதைக் கம்பனிகளின் முதலீடு உண்டு. சிறுதானியங்களுக்கோ அவ்வாய்ப்பு அரிது. புதிய மரபணு வரிசை வெளிவரும்போது செய்தியாகிறது. அதனைச் சரிபார்த்துப் பேணும் பணி செய்தியாவதில்லை. அப்பணிக்கான பொது நிதி தடைப்படுமாயின், முதலில் பாதிக்கப்படுவது ஏழைகளின் பயிர்களே என்பதை அரசுகள் மனங்கொள்ள வேண்டும்.