ஊசியின் காது



காது இல்லாத ஊசி ஒன்று பட்டினத்தாரைத் துறவின் பக்கம் திருப்பியது என்பது நம் நாட்டு மரபுக் கதை. எதற்கும் பயன்படாப் பொருளைச் சுட்ட அத்தகைய ஊசியைத் தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தம். முனை எத்துணைக் கூர்மையாக இருப்பினும், காது இல்லையேல் ஊசி வெறும் கம்பி. அந்தச் சிறு துளையின் வரலாற்றையே இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

ஊசி மிகத் தொன்மையான கருவி. சைபீரியாவில் கிடைத்த எலும்பு ஊசிகள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர் தொல்லியலார். பின்னர் எலும்பின் இடத்தை வெண்கலமும் இரும்பும் எஃகும் பெற்றன. ஆயினும் தைக்கும் முறை மாறவில்லை. முனை ஒரு புறம், காது மறு புறம். ஊசி முழுவதும் துணியைக் கடந்து அப்பால் சென்று மீண்டும் இப்பால் வரவேண்டும்.

இம்முறையை நான் கற்றது என் அத்தையிடம். இளமையிலேயே கணவரை இழந்து எங்கள் இல்லத்தில் வாழ்ந்த அவர், பழைய பருத்திப் புடவைகளை நான்கைந்து அடுக்காக விரித்து, ஓட்டுத் தையலால் இணைத்து, குழந்தைகளுக்கு விரிப்புகள் செய்து கொடுப்பார். ஊரார் தரும் கூலி சிறிதே; ஆயினும் அது அவருடைய சொந்தப் பணம். “தம்பி, நூலைக் கை நீளத்துக்கு மேல் எடுக்காதே. நேரம் மிச்சம் என்று நீளமாகக் கோத்தால், சிக்கு எடுப்பதிலேயே பொழுது போய்விடும்” என்பார். நூலைத் தேன்மெழுகின் மீது ஒரு முறை இழுத்துக் கொண்டால் அது முறுக்கிக் கொள்ளாது. அடுக்குகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தற்காலிகமாகத் தைத்துக் கொண்டால் சுருக்கம் விழாது. புதுத் துணியைப் பழந்துணியுடன் இணைக்கும் முன் நனைத்து உலர்த்தவேண்டும். இல்லையேல் முதற் சலவையிலேயே புதியது சுருங்கிப் பழையதைக் கிழித்துவிடும். இவை யாவும் அவர் எனக்குக் கற்பித்த பாடங்கள்.

இந்தக் கை வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முயன்றவர் பலர். பிரெஞ்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கொக்கி போன்ற ஊசியால் சங்கிலித் தையல் இடும் அவருடைய இயந்திரங்கள் ஏறத்தாழ 80, பாரிஸ் நகரில் படைவீரர்களின் சீருடைகளைத் தைத்தன. தங்கள் பிழைப்புப் போய்விடும் என அஞ்சிய தையற்காரர் கூட்டம் 1831இல் பட்டறைக்குள் புகுந்து அவற்றை நொறுக்கியது. திமோனியே வறுமையில் உழன்று 1857இல் மறைந்தார். உடைத்தவர்களும் ஏழைகள், உடைபட்டவரும் ஏழை. இந்நிகழ்ச்சியில் யாரைக் குற்றவாளி என்பது?

அமெரிக்கராகிய வால்ட்டர் ஹண்ட் என்பார் 1834ஆம் ஆண்டளவில் ஒரு புதுமை செய்தார். ஊசியின் காதை அடிப்புறத்திலிருந்து முனைக்கு அருகில் கொண்டுவந்தார். ஊசி துணியை முற்றும் கடக்கவேண்டிய தேவை அதனால் ஒழிந்தது. ஆனால் தையற் பெண்களின் வாழ்வு கெடும் என்ற எண்ணம் குறுக்கிட, அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை என்று கூறுவர். அவ்வழியிலேயே தனித்து முயன்ற எலியாஸ் ஹோவ் 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றார்.

அவ்வியந்திரம் வேலை செய்யும் முறையைக் கேளுங்கள். நூல் தாங்கிய முனை துணிக்குக் கீழே இறங்கிச் சற்றே மேலெழும்போது, நூல் சிறு வளையமாக விரியும். தறியில் ஓடும் நாடாவைப் போன்ற ஒன்று கீழ்நூலை அவ்வளையத்தினூடே கொண்டு செல்லும். ஊசி மேலே எழ, இரு நூல்களும் துணியின் நடுவே பின்னிப் பூட்டிக்கொள்ளும். இதனை அறிந்தவர்க்கு ஒரு பயன் உண்டு. துணியின் அடிப்புறத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூலின் இறுக்கம் போதவில்லை. கீழ்நூல் மேற்புறத்தில் தலைகாட்டினால் மேல்நூலின் இறுக்கம் மிகுதி. காரணம் தெரிந்தவன் கருவியை வையமாட்டான்.

ஹோவ் வாழ்வும் எளிதாக இல்லை. இயந்திரம் கையால் தைப்போர் ஐவரைப் போட்டியில் வென்றும் வாங்குவார் இல்லை. இங்கிலாந்து சென்று பொருளிழந்து அவர் திரும்பிய சில காலத்தில் மனைவியும் மறைந்தார். ஐசக் சிங்கர் 1851இல் மேம்பட்ட இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்று விற்பனையில் இறங்கினார். ஹோவ் வழக்குத் தொடுத்து 1854இல் வென்றார். அதன் பின்னரே செல்வம் அவரை அடைந்தது. சிங்கர் நிறுவனமோ தவணை முறையில் விற்று, எளியோர் இல்லங்களிலும் இயந்திரத்தை ஏற்றியது. கையால் தைத்தால் 14 மணி 26 நிமிடம் பிடிக்கும் சட்டையை இயந்திரம் 1 மணி 16 நிமிடத்தில் முடிக்கும் என அக்கால அமெரிக்க நிறுவனம் ஒன்று கணக்கிட்டுக் காட்டியது.

இயந்திர ஆதிக்கத்தைக் கண்டித்த காந்தியடிகளும் 1924ஆம் ஆண்டில் இராமச்சந்திரன் என்னும் மாணவருடன் உரையாடியபோது தையல் இயந்திரத்திற்கு விலக்கு அளித்தார். மனைவி படும் துன்பம் காணப் பொறாத அன்பினால் சிங்கர் அதனைப் படைத்தார் என்பது அவர் கேட்டறிந்த கதை. வரலாறு பயிலும் நீங்கள் அதையும் சோதிக்கவேண்டும். கூலிக்குத் தைத்துக் குடும்பம் காத்த மனைவியைக் கண்டவர் ஹோவ். சிங்கரை இயக்கியதோ வாணிக நோக்கம். கதை பிழைபடினும் அடிகளின் அளவுகோல் பிழைபடவில்லை. இயந்திரம் மனிதனின் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யலாகாது. தனிமனிதன் நலமே முதன்மை என்பதே அவ்வளவுகோல்.

அந்த அளவுகோலை என் அத்தையின் வாழ்விலும் வைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒருவர் தையல் இயந்திரம் வைத்தார். ஓராண்டுக்குள் அத்தையைத் தேடி வருவோர் குறைந்தனர். அவர் இயந்திரத்தைப் பழிக்கவில்லை. இரவில் அழுததை நான் கண்டேன். பின்னர்த் தம் காதணிகளை விற்று, பழைய மிதி இயந்திரம் ஒன்றை வாங்கி, ஐம்பது வயதில் மிதிக்கக் கற்றார். முதல் மாதம் நூல் அறுந்தவண்ணம் இருந்தது. மறு ஆண்டு என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவரே கட்டினார். அவர் காதில் அணி இல்லை. ஊசியின் காதில் நூல் இருந்தது.

எனவே, நண்பர்களே, புதுக் கருவி வருங்கால் அதனை உடைப்பதும் அறிவன்று. அதனால் வேலை இழப்போரை மறப்பதும் அறமன்று. தெருமுனையில் இயந்திரம் வந்தபோது என் அத்தைக்கு விற்பதற்கேனும் ஒரு காதணி இருந்தது. அதுவும் இல்லாதவர்க்குக் கருவியும் பயிற்சியும் எட்டச் செய்வது ஊராரின் கடமை, அரசின் கடமை. நாளை உங்கள் கடமை. இன்றிரவு உங்கள் சட்டையில் பொத்தான் அறுந்திருப்பின், தாயிடம் நீட்டாதீர்கள். கை நீளம் நூல் எடுத்து, நீங்களே தைத்துப் பாருங்கள்.